வெளிச்சத்தைச் சுற்றி ஒரு வளையம்

ஜூன் 4, ஞாயிறு

நாற்பத்திரண்டாவது டார்ச்சோடு பழைய நோட்டு நிரம்பிவிட்டது. இது புதிய நோட்டு. முதல் பக்கத்தில் விதிகளைத் திரும்ப எழுதி வைக்கிறேன், மீறுகிறவளும் நானே என்பதால். ஒன்று, ஐந்நூறு ரூபாய்க்கு மேல் டார்ச் வாங்குவதில்லை. இரண்டு, உள்ளங்கைக்குள் அடங்காத டார்ச் வாங்குவதில்லை. மூன்று, மீட்டர் என்ன சொன்னாலும் கடைசித் தீர்ப்பு கண்ணுடையது.

மூன்றாவது விதிக்காக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எத்தனையோ பேர் என்னிடம் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். ‘கைக்குள் வெளிச்சம்’ என்று பெயர். குட்டி டார்ச் பைத்தியங்கள் அறுபது பேர், அதில் பெண் நான் ஒருத்தி. ஆளாளுக்குப் போனில் வெளிச்சம் அளக்கும் செயலியை வைத்துக்கொண்டு எண் சொல்வார்கள். நான் முப்பது வருடமாகப் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் மீட்டர்களைத் துடைத்து வைப்பவள். மீட்டர்களின் யோக்கியதை எனக்குத் தெரியும். பொன்மணி அக்கா பார்த்துச் சொன்னால்தான் வாங்குவேன் என்று குழுவில் பாதிப் பேர் காத்திருப்பது சும்மா இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் எங்கள் சபைப் போதகர் ஐயர், தினம் ஒரு நன்றி எழுதுங்கள் என்று சொன்னார். லெந்து முடிந்தும் பழக்கம் விடவில்லை. இன்றைய நன்றி: மாலை ஆறரைக்குக் கரண்ட் போனது. தெருவே திட்டியது, நான் நாலு டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

ஜூன் 7, புதன்

நாற்பத்து மூன்று வந்துவிட்டது. கடையநல்லூர் பீர்முகம்மதுவிடம் வாங்கியது. அவரும் குழுவில் இருப்பவர்தான். சின்னதாக எலக்ட்ரிக் கடை வைத்துக்கொண்டு, டெல்லியிலிருந்து டார்ச் வரவழைத்துத் தபாலில் விற்கிறார். முந்நூற்று எண்பது ரூபாய். கட்டை விரல் நீளம், சிவப்பு உடம்பு, கறுப்புத் தலை. குண்டுமணி என்று பெயர் வைத்துவிட்டேன். மூடி திருகும்போது வெண்ணெயாகப் போகிறது. இந்த விலைக்கு இப்படித் திருகு வெட்டியவன் கையில் மோதிரம் போடலாம்.

என் வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கும் போன மாசம் வந்ததுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார். தேவசகாயம் என்ற பெயருள்ள இந்த மனிதருக்குக் கூட்டுறவு வங்கியில் முப்பத்தைந்து வருடம் எல்லாக் கையெழுத்தும் வித்தியாசமாகத் தெரிந்திருக்கிறது. டார்ச் மட்டும் ஒரே மாதிரி தெரிகிறதாம்.

ஜூன் 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, இரண்டு மணிக்குச் சாமான் அறைக்குள் போனேன். ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை ஒட்டியிருப்பதால் பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அதன் பிறகுதான் சோதனை. குழுவில் இவ்வளவு பொறுமை வேறு யாருக்கும் கிடையாது.

சுவர்ச் சோதனை: நடுப்பொட்டு வட்டம், ஓரம் மெதுவாகக் கரைகிறது. அருமை. தண்ணீர் வாளியில் பத்து நிமிடம்: ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தது: எரிந்துகொண்டே விழுந்தது.

பிறகு முகம் பார்க்கும் சோதனை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் அலமாரியில் வைத்து, பத்தடி தள்ளி நின்று நேருக்கு நேர் பார்ப்பது. லென்ஸில் கோளாறு இருந்தால் அப்போது காட்டிக் கொடுத்துவிடும். காட்டிக் கொடுத்தது. வெளிச்சத்தைச் சுற்றி ஒரு வளையம். வெளிப்பக்கம் சிவப்பு, உட்பக்கம் நீலம், குட்டி வானவில் மாதிரி. பார்க்க அழகுதான், ஆனால் நல்ல லென்ஸ் இப்படிச் செய்யாது. உடம்பை இழைத்துச் செய்துவிட்டு முகத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

குழுவில் எழுதினேன்: “குண்டுமணியை வாங்காதீர்கள். லென்ஸ் மட்டம். வானவில் வளையம் தெரிகிறது.”

வெளியே வந்தபோது தலைவலி. புருவத்துக்கு மேல், வலது பக்கம். சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு தூங்கினேன். எழுந்தபோது இல்லை. நன்றி: சுக்கு.

ஜூன் 12, திங்கள்

என் வார்த்தையைக் கேட்டு ஒன்பது பேர் குண்டுமணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பீர்முகம்மது எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்: “அக்கா, நான் முப்பது பீஸ் இறக்கியிருக்கேன். உங்களுக்கு வந்தது மட்டும் பழுதா இருக்கும். வேற அனுப்புதேன், அதயும் பாத்துட்டுச் சொல்லுங்க.”

ஞாயம் ஞாயம்தான். அனுப்பட்டும், பார்க்கிறேன் என்று எழுதினேன்.

ஜூன் 18, ஞாயிறு

இரண்டாவது குண்டுமணியிலும் வளையம்.

இந்தத் தடவை விடாமல் ஆராய்ந்தேன். வலது கண்ணை மட்டும் திறந்து பார்த்தால் வளையம் தடிப்பாக இருக்கிறது. இடது கண்ணால் பார்த்தால் மெலிவு. இதிலிருந்து தெரிவது, லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. டார்ச்சைத் தலைகீழாகத் திருப்பி வைத்தும் பார்த்தேன். அப்போதும் வலது கண்ணுக்குத்தான் தடிப்பு. ஏன் என்று யோசிப்பதற்குள் தலைவலி வந்துவிட்டது.

இன்று கொஞ்சம் கடுமை. மத்தியானம் சாப்பிட்ட மீன் அப்படியே வெளியே வந்துவிட்டது. சாளை பழசாக இருந்திருக்க வேண்டும். அதே சாளையில் ஏழு தின்ற இவர், ஒன்றும் ஆகாமல் என் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிவிட்டார்.

“அந்த ரூமுக்குள்ள போய் அடைஞ்சு கெடந்தா தல வலிக்காம என்ன செய்யும்?” என்றார்.

“ரூமுக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம்? மீனு கெட்டுப் போச்சு.”

“அப்ப எனக்கு?”

“உங்க வயிறு வேற, என் வயிறு வேற.”

குழுவில் இரண்டாவது தீர்ப்பும் எழுதியாயிற்று. இன்றைய நன்றி எழுதத் தோன்றவில்லை. விசிறியதை வேண்டுமானால் எழுதலாம்.

ஜூன் 25, ஞாயிறு

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய டார்ச்சுகளை எடுத்தேன். பன்னிரண்டாம் எண், இருபதாம் எண், முப்பத்தொன்று. மூன்றும் ஒருகாலத்தில் நான் தலையில் தூக்கி வைத்து ஆடியவை. மூன்றிலும் வளையம்! வெளிச்சமும் மங்கல். ஆனால் மீட்டரில் வாங்கிய அன்று வந்த அதே எண் வருகிறது. மூன்றாவது விதியை எதற்கு எழுதினேன் என்று இப்போது எல்லோருக்கும் புரிய வேண்டும்.

குற்றாலச் சாரல் காற்று இங்கே வரைக்கும் வருகிறது. ஈரத்தில் லென்ஸ் பூத்துப் போயிருக்கும். அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். சோற்றுக்கு அரிசி எடுக்கப் போன இவர் கையில் முப்பத்தொன்றாம் எண் மாட்டியது. நல்ல மனிதர், துடைத்து அதே இடத்தில் புதைத்துவிட்டார்.

தலைவலி உண்டு. மீன் சாப்பிடவில்லை.

ஜூன் 28, புதன்

ஆய்வகக் கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டேன். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. முப்பது வருடமாக அங்கேயே இருக்கும் கதவு.

ஜூலை 2, ஞாயிறு

பீர்முகம்மது போன் செய்தார். இதுவரை பேசியதில்லை, செய்திதான். குரல் நாற்பது வயதுக்குள் இருக்கும். சரக்குத் தேங்கிப்போன வியாபாரி, சண்டைக்குத்தான் வருகிறார் என்று சேலையைச் செருகிக்கொண்டு போனை எடுத்தேன்.

“அக்கா, அந்த வளையத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புதியளா? கம்பெனிக்காரன்ட்ட காட்டணும்.”

எடுத்தேன். ஆறு படம். ஒன்றிலும் வளையம் விழவில்லை. என் போன் பழசு, நுணுக்கமெல்லாம் அதில் வராது என்றேன். 

“அக்கா, ஒண்ணு கேட்டாக் கோவப்படக் கூடாது. வளையம் தெரியற அன்னைக்குத் தல வலிக்குதா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைவலியைப் பற்றிக் குழுவில் நான் எழுதவே இல்லை.

“அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“தெரு விளக்கப் பாருங்க. அதுலயும் வளையம் இருந்தா டார்ச்சுல கோளாறு இல்லக்கா. நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க. காரணம் கேக்காதிய, போங்க.”

வந்ததே கோபம். சரக்கு விற்காத ஆத்திரத்தில் என் கண்ணைக் குறை சொல்கிறார். ஐம்பத்தாறு வயதில் ஊசி கோக்கிறவள் நான். கண்ணாடி போட்டுக்கொண்டுதான், அதனால் என்ன? “என் கண்ண நான் பாத்துக்கிடுதேன், நீங்க உங்க லென்சப் பாருங்க” என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு தெரு விளக்கைப் பார்க்க வாசலுக்குப் போகவில்லை. கோபத்தில்தான்.

ஜூலை 3, திங்கள்

தெரு விளக்கிலும் இருக்கிறது. புது பல்பு போட்டிருக்கிறார்கள், மட்டமான சரக்கு.

இன்று பௌர்ணமி. மாடியில் காயும் துணியை இவரை எடுத்துவரச் சொன்னேன்.

ஜூலை 4, செவ்வாய்

மாடிக்குப் போனேன். நிலாவுக்கும் வளையம்.

நிலாவைச் செய்தவர் மட்டமான லென்ஸ் போடுகிறவர் இல்லை.

இவரிடம் சொன்னேன்.  நாளைக்குக் காலையில் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜூலை 5, புதன்

ஆஸ்பத்திரியில் கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். பதினைந்து, இருபது இருக்க வேண்டியது எனக்கு இடதில் முப்பது, வலதில் முப்பத்தெட்டு. அந்தப் பெண் இரண்டாவது தடவையும் அளந்தாள். மூன்றாவது தடவை வேறொரு மீட்டரைக் கொண்டுவந்து அளந்தாள். அதிலும் முப்பத்தெட்டு. மீட்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணில் மருந்து விட்டு, ஒரு கண்ணாடியை ஒட்டி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“கண்ணுக்குள்ள ஒரு தண்ணி ஊறி ஊறி வடிஞ்சுக்கிட்டே இருக்கும்மா. உங்களுக்கு அது வடியற வழி பிறவியிலேயே குறுகல். அடைச்சுக்கிட்டா அழுத்தம் ஏறும். ஏறும்போதுதான் வளையம், தலைவலி, வாந்தி எல்லாம். எப்ப இருந்து இருக்கு?”

கைப்பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். ஜூன் 11, இரண்டு மணிக்கு மேல், வலது பக்கம். ஜூன் 18, வலது கண்ணில் தடிப்பு, இடதில் மெலிவு, வாந்தி. ஜூன் 25. வாசிக்க வாசிக்க என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. டாக்டரம்மா நோட்டை வாங்கி அவரே படித்தார். சாளை மீனில் சிரித்தார். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது.

“இருட்டு ரூம்ல எவ்வளவு நேரம் இருப்பீங்க?”

“ஞாயித்துக்கிழமையில ரெண்டு மணி நேரம். மொதல்ல அரை மணி நேரம் கண்ணு பழகறதுக்கு.”

“இருட்டுல கண்மணி விரியும்மா. உங்களுக்கு அது விரிஞ்சா வழி அடைபடும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்களே உள்ள போய் அடைச்சிருக்கீங்க.”

அறுபது பேரில் எனக்கு மட்டும்தான் அந்தப் பொறுமை என்று பெருமைப்பட்டேனே, அது இதுதான்.

வலது கண்ணின் ஓரத்தில் கொஞ்சம் பார்வை போய்விட்டதாம். அது திரும்பாது. கதவு நிலை மூன்று தடவை சொன்னதை டாக்டரம்மா மெஷினில் புள்ளி புள்ளியாகக் காட்டினார். மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம், லேசரில் ஒரு ஓட்டை போட்டால் போதும் என்றார். “ரெண்டு மூணு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன். யாரும்மா உங்களை அனுப்புனது?”

“டார்ச் விக்கறவரு” என்றேன். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இவர்தான் பக்கத்திலிருந்து, “இவ அவரு பொழப்புல மண்ணள்ளிப் போட்டா டாக்டர், அவருதான் அனுப்புனாரு” என்று விளக்கினார்.

ஜூலை 7, வெள்ளி

சொட்டு மருந்திலும் மாத்திரையிலும் அழுத்தம் இறங்கியது. இன்று இரண்டு கண்ணுக்கும் லேசர். பத்து நிமிடம்தான். சுண்டிவிடுவது போல ஒவ்வொன்றாகத் தெறித்தது. ஊசிமுனை அளவு ஓட்டையாம்.

இந்த எழுத்தெல்லாம் கோணலாகப் போகிறது. இவர் “நாளைக்கு எழுதேன்” என்கிறார். நன்றி: இவர்.

ஜூலை 9, ஞாயிறு

குழுவில் எழுதினேன். நாலு தடவை அழித்து அழித்து எழுதியது. “குண்டுமணி நல்ல டார்ச். லென்ஸில் ஒரு குறையும் இல்லை. வளையம் இருந்தது என் கண்ணில். கண் நீர் அழுத்த நோய். என் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்றவர்கள் தயவுசெய்து வாங்குங்கள். பீர்முகம்மது தம்பி, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களுக்கெல்லாம் வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிந்தால் கடைக்காரரைத் திட்டாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.”

ஒருவர், மூன்றாவது விதி என்ன ஆச்சு அக்கா என்று கேட்டார். பொம்மை போட்டுச் சிரித்தார். கேட்க வேண்டியதுதான். இனிமேல் மீட்டர் சொல்வதையும் கேட்பதாக எழுதினேன்.

சாயங்காலத்துக்குள் பதினான்கு பேர் குண்டுமணி கேட்டிருக்கிறார்கள். பீர்முகம்மது குழுவில் எதுவும் எழுதவில்லை. எனக்குத் தனியாக ஒரே ஒரு வரி: “லேசர் ஆச்சா அக்கா?”

ஜூலை 23, ஞாயிறு

மறுபரிசோதனை. அழுத்தம் இரண்டிலும் பதினாறு. சொட்டு மருந்து தொடர வேண்டும். வீட்டுக்கு வந்து கூடத்தில் விளக்கு எரியும்போதே குண்டுமணியைப் பத்தடியில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான ஒரு பொட்டு. சுற்றி ஒன்றும் இல்லை. சாமான் அறை ஜன்னலின் கறுப்பு அட்டையை இவர் கிழித்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

மாலை நாலரை மணிக்கு மாடிக்குப் போய்ப் பீர்முகம்மதுவுக்குப் போன் செய்தேன். நன்றி என்று சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். தினம் ஒரு நன்றி எழுதுகிறவளுக்கு, வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் வார்த்தை வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்:

“தம்பி, நான் தலவலின்னு சொல்லவே இல்லியே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எங்க உம்மாவாலதான்க்கா” என்றார். “பல்பச் சுத்தி வட்டமாத் தெரியுது வாப்பான்னு எங்கிட்டச் சொல்லுவாவ. நான் கடைக்காரன்லா? ஒடனே வேற பல்பு மாட்டுவேன். மறுபடியும் வட்டம்பாவ. வேற கம்பெனி மாட்டுவேன். டியூப்லைட் போட்டேன், அதையும் மாத்துனேன். ஆறு மாசம் மாத்துனேன்க்கா. ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்னு தோணல. கடைசியில போனப்ப ரெண்டு கண்ணும் முடிஞ்சு போச்சுன்னுட்டாங்க.”

“ஐயோ தம்பி” என்றேன்.

“நீங்க வளையம்னு எழுதுனப்ப எனக்கும் கோவம்தான் வந்துது. டார்ச்சுல கொற சொல்லுதாவன்னு மாத்திப் பீஸ் அனுப்புனேன். அனுப்புன பொறவுதான் நெனச்சேன், இதத்தான உம்மாவுக்கும் செஞ்சோம்னு.” கொஞ்சம் நிறுத்தி, “உம்மா பக்கத்துலதான் இருக்காவ. உங்களப் பத்தித் தினம் கேக்காவ. குடுக்கட்டா?” என்றார்.

போன் கைமாறியது. மெல்லிய குரல்.

“கண்ணு தெரியுதாம்மா?”

“தெரியுதும்மா. உங்க மகனாலதான் தெரியுது.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார்கள். பிறகு, “இப்ப எங்க நிக்கெ?” என்று கேட்டார்கள்.

“மாடியில.”

“அங்கேருந்து என்ன தெரியுது? சொல்லேன்.”

நான் சுற்றிப் பார்த்தேன். சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. “சும்மாச் சாமான்தான்மா இருக்கு. கொடியில இவிய வேட்டி காயுது. தண்ணித் தொட்டி. அடுத்த வீட்டு மாடியில ஒரு நீல வாளி.”

“சும்மாச் சாமானையே சொல்லு தாயி. வேற?”

“முருங்க மரம் ஒண்ணு மாடி வரைக்கும் வளந்துருக்கு. காத்துல ஆடுது. பூத்துருக்கு.”

“முருங்கப்பூ வெள்ளதான? நடுவுல ஒரு மஞ்ச இருக்கும்லா? எனக்கு இப்ப மறந்து மறந்து போவுது.”

எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஐம்பத்தாறு வருடமாகப் பார்க்கிற பூ. கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் போனேன். ஒரு கொத்தை இழுத்து, முகத்தருகே வைத்து, முதலில் இடது கண்ணாலும் பிறகு வலது கண்ணாலும் பார்த்தேன்.

“இருக்கும்மா” என்றேன். “நடுவுல மஞ்ச இருக்கு.”